ஜில்லா போர்டு போட்ட ரயில்

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜே. ஹில் தன் கிரேட் நார்தர்ன் ரயில்பாதையைப் பசிபிக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1893-ல். ரயில் என்றால் இப்படி ஒரு பெரிய முதலாளி நினைவுக்கு வந்த காலம். அடுத்த வருஷம், 1894 ஏப்ரலில், மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. அதன் சொந்தக்காரர் தஞ்சாவூர் ஜில்லா போர்டு!

நிலவரியோடு சேர்த்து வாங்கிய செஸ் பணத்தில் போட்ட பாதை அது. வரியைக் கட்டியவர் மிராசுதார், அந்த நிலத்தில் நெல்லை விளைவித்தவர் பண்ணையாள். இரண்டு பேர் பங்கும் அந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது. இரண்டாமவர் பங்கை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். வண்டியை ஓட்டிக் கொடுத்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1902-ல் பட்டுக்கோட்டைக்கும், 1903 டிசம்பர் 31-ல் அறந்தாங்கிக்கும் பாதை நீண்டது.

இந்த ரயிலுக்கு ‘தலைவர்’ என்று யாரையாவது சொல்வதானால் போர்டுத் தலைவரைத்தான் சொல்ல வேண்டும். 1924 முதல் 1930 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஏ.டி. பன்னீர்செல்வம். திருவாரூர்ப் பக்கத்துக்காரர், பாரிஸ்டர், நீதிக்கட்சிக்காரர். வடமொழிக்கென்றே இருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் படிக்க வழி செய்தவர். லண்டனுக்குப் புறப்பட்ட அவரோடு ‘ஹானிபல்’ விமானம் 1940 மார்ச் 1-ம் தேதி ஓமான் வளைகுடாப் பக்கம் காணாமற்போனது. கல்லூரிக்காக அவரை நினைக்கிறோம். ரயிலை வைத்திருந்த போர்டை நடத்தியவர் என்றும் நினைக்க வேண்டும்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்தப் போர்டு ரயில் ஓடிய ஊர்கள் வழியாகப் போகும் திருவாரூர்–காரைக்குடிப் பாதை அகலப்பாதையாகி 2019-ல் முழுதாகத் திறந்தபோது கேட்கீப்பர்கள் போதவில்லை. வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். அவர்கள் வெயிலில் பட்ட பாட்டுக்கு யாரைக் கேட்பது? முடிவெடுக்கிறவர்கள் எங்கோ இருந்தார்கள்.

அன்றைய போர்டு இருந்தது தஞ்சாவூரில். மெம்பர்கள் ஜில்லாக்காரர்கள். அந்த ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாதுதான். ஆனால் இந்தப் பாதைக்கு எத்தனை வண்டி, எந்த நேரம், எத்தனை கேட்கீப்பர் என்று முடிவாகும் கூட்டத்தில் வழியிலுள்ள திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர், முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் வாக்குரிமையோடு உட்கார வேண்டும்.