பாலைவனத்தில் பைன் மரம் தேடுகிறவர்கள்

பாலைவனத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லுகிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அவர்கள் அங்கே வருவதில்லை. விஷயம் அதோடு தீர்ந்தது. பாலைவனத்துக்கு வந்து சேர்ந்து, வந்த அன்றே அதைவிட்டு எந்த வழியாக வெளியேறலாம் என்று வரைபடம் போடுகிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

சென்ற ஜனவரியில் அரிசோனாவிலுள்ள டூசான் நகரத்தில் மூன்று வாரம் இருந்தேன். நண்பர் ஒருவருடைய மகன் வீட்டில் தங்கல். வடக்கே பனியில் உறைந்து கிடக்கிற ஊர்க்காரர்களெல்லாம் அந்த மாதங்களில் சைக்கிளோடு அங்கே வந்து இறங்குகிறார்கள். பந்தயக்காரர்கள்கூடப் பயிற்சிக்கு வருகிறார்கள். பையனும் சைக்கிள்காரன். நான் கிழவனாகியும் சைக்கிளை விடாதவன் என்பது அவனுக்குத் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், "மாமா, உங்களுக்கு ஒரு அழகான ரூட் போட்டு வைத்திருக்கிறேன்" என்று கைபேசியை நீட்டினான்.

லெம்மன் மலைப் பாதை. அடிவாரத்திலிருந்து சமர்ஹேவன் என்ற மேட்டுக் கிராமம் வரைக்கும் சுமார் 25 மைல்; 5,000 அடிக்கு மேல் ஏற்றம். மேலே பைன் மரங்கள், பனி, தட்டளவு பெரிய ஒரு பிஸ்கோத்து. பிஸ்கோத்தைத் தின்றுவிட்டு இறங்கிவிட வேண்டியது. அவ்வளவுதான் பிரயாணம்.

இதற்கு அந்த ஊரில் ஒரு பெருமையும் சொல்லுகிறார்கள். மெக்ஸிகோவிலிருந்து கானடாவுக்குப் போகிறவன் வழியில் பார்க்கிற தாவரங்களையெல்லாம் இந்த ஒரே மலையில் பார்த்துவிடலாமாம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சில் பாலைவனத்துக்குக் கிடைக்கிற மரியாதையைக் கவனியுங்கள். அது வெறும் வாசற்படி! கால் வைத்து ஏறிப் போவதற்கு மட்டும்தான். கானடாவின் மரங்களைப் பார்க்க ஆசையிருப்பவர் கானடாவுக்கே போகலாமே. டூசானுக்கு வந்து அதன் தலைமேல் ஏறி நின்றுகொண்டு கானடாவை ரஸிப்பது என்ன ரஸனை?

நான் பையனிடம் சொன்னேன்: முதல் நாள் கிழக்கே, சுவாரோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற எட்டு மைல் சுற்றுப் பாதை போதும். "எட்டு மைலா!" என்று அவன் முகம் சுருங்கியது. எட்டு மைலுக்குக் கணக்கில் மதிப்பில்லை. ஏறிய அடி எத்தனை, ஓடிய மைல் எத்தனை என்று கைபேசி கணக்கு வைக்கிறது. பார்த்தது எத்தனை என்பதற்கு அதில் பத்தி இல்லை.

சுவாரோ என்கிற அந்தக் கள்ளி மரத்தைத் தெரிந்துகொள்ளாமல் டூசானைத் தெரிந்துகொள்ள முடியாது. பாலோ வெர்டே போன்ற ஒரு மரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டுதான் அது குழந்தைப் பருவத்தைக் கழிக்கிறது. முதல் கிளை விடுவதற்கு ஐம்பது, அறுபது, எழுபது வருஷமாகிறது. சிலது கிளையே விடுவதில்லை. நூற்றைம்பது வயதைத் தாண்டியும் நிற்கிறது. தொஹோனோ ஓஓதாம் மக்கள் ஜூன் மாதத்து வெயிலில் இதன் பழத்தைத் தட்டி எடுக்கிறார்கள். அதற்குப் பயன்படும் துறட்டியும் செத்த சுவாரோவின் விலா எலும்பு போன்ற கழிதான். ஒரு ஜனத்தின் பழமும் கம்பும் அதுவாக இருக்க, நம்முடைய சைக்கிள் வீரர் அதை மணிக்கு இருபது மைல் வேகத்தில் கடந்து, மேலே போய்ப் பைன் மரத்தைப் படம் எடுக்கிறார்!

ஒன்று சொல்லியாக வேண்டும். பாலைவனம் தன்னை மதிக்காதவனைச் சும்மா விடுவதில்லை. எங்கள் இரண்டாவது நாள் சவாரியில் அவனுடைய டயர் இறங்கிற்று. பிடுங்கிப் பார்த்தால் நம் ஊர் நெருஞ்சி முள்! அந்த மண்ணிலும் வந்து குடியேறியிருக்கிறது. அவனுக்கு அது சனியன். எனக்கு ஊர்க்காரனைக் கண்ட மாதிரி இருந்தது.

வறண்ட ஆற்றங்கரைகளை ஒட்டி, மோட்டார் தொல்லையே இல்லாமல், 130 மைலுக்கு மேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள் அந்த ஊரில். அதைக் "காட்சி இல்லாத பாதை" என்று தள்ளுகிறவர்களும் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு காட்சி இல்லையா? வைகைக் கரையில் வளர்ந்தவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

அப்படியானால் மலைக்கே போகவேண்டாமா என்று கேட்பீர்கள். போகவேண்டும். ஆனால் என்னுடைய பெரிய ஆத்திரம் அந்த மலைப் பாதையைப் பற்றியதுதான். பூங்காவைத் தேசிய நினைவிடமாக அறிவித்த அதே 1933-ல் இந்தச் சாலை வேலையும் ஆரம்பமாயிற்று, 1950-ல் முடிந்தது. போட்டவர்கள் கைதிகள். சுமார் எட்டாயிரம் பேர். கோடாலியும் சம்மட்டியும் பிடித்த அந்தக் கைகளில் யுத்தத்துக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காதவர்களின் கைகளும் உண்டு. குடும்பத்தை முள்வேலி முகாமில் அடைத்து வைத்திருக்கும் சர்க்காருக்காகத் துப்பாக்கி தூக்கமாட்டோம் என்ற ஜப்பானிய அமெரிக்க இளைஞர்களின் கைகளும் உண்டு.

கார்டன் ஹிராபயாஷி என்ற மாணவர் 1942-ல் ஜப்பானிய வம்சத்தாருக்கு மட்டும் போட்ட ஊரடங்கு உத்தரவை மீறினார். உச்ச நீதிமன்றம் 1943-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிற்று. தண்டனையை அனுபவிக்க அவரை இந்த முகாமுக்கு அழைத்துவரச் சர்க்காரிடம் பணம் இல்லையாம்! வடமேற்குக் கோடியிலிருந்து போகிற வண்டிகளை நிறுத்தி, இடம் கேட்டு ஏறி, தாமாகவே டூசானுக்கு வந்து சேர்ந்தார். வந்தால், அவருடைய காகிதங்கள் அங்கே இல்லை. திரும்பிப் போயிருக்கலாம்; போகவில்லை. காகிதங்களைத் தேடச் சொல்லிவிட்டு, ஊருக்குள் போய் ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்து, சிறைக்குள் போனார். அவர்மேல் இருந்த குற்றத் தீர்ப்புகள் ரத்தாவதற்கு 1987 ஆயிற்று. முகாம் இருந்த இடத்துக்கு 1999-ல் அவர் பெயரை வைத்தார்கள்.

அந்த இடம் சாலையின் ஏழாவது மைல் கல்லுக்கருகே இருக்கிறது. பையன் அந்த மலையைப் பதினான்கு முறை ஏறியிருக்கிறான்; ஒரு தரம்கூட நின்றதில்லை. "அங்கே நின்றால் நேரம் கெட்டுவிடும், மாமா" என்றான். ஏழு மைல் ஏறிய உடம்பு ஆறிப்போய்விடும் என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் யாருடைய சம்மட்டி அடியில் இந்த வழவழப்பு வந்ததோ, அவர்களுக்குப் பத்து நிமிஷம் கொடுக்காமல் யாருக்குக் கொடுக்கப் போகிறோம்? இந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லுவதைவிட, ஒவ்வொரு வளைவிலும் "இங்கே படம் எடுக்கவும்" என்று எழுதத் தெரிந்த வழிகாட்டிகளைத்தான் குறை சொல்லுவேன்.

மூன்றாவது வாரத்தில் அவனே ரூட்டை மாற்றினான். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். அதற்கு முன்னால் அந்த ஊர்க் குளிரில் விரல் மடங்காது. ஏழாவது மைலில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு உள்ளே நடந்தோம். கட்டடங்களின் அடித்தளங்கள் மட்டும் மிச்சம். கருவாலி மரங்களுக்கிடையில் ஒரு படிக்கட்டு எங்கேயும் போகாமல் நின்றது. பையன் அதில் உட்கார்ந்து, பலகையில் எழுதியிருந்ததைப் படித்தான். கைபேசியின் கணக்கை நிறுத்த மறந்துவிட்டான். முக்கால் மணி நேரம் ஓடிற்று. உச்சிக்குப் போனால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது என்று திரும்பிவிட்டோம். மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பும்போது, எனக்காகக் காரில் மலையேறி வாங்கி வந்ததாக ஒரு பெரிய பிஸ்கோத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். விமானத்தில் தின்றேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.