மல்லாட்டைக் கொல்லையில் விளையும் வாடகை

1941-இல் சூரி நாகம்மா ரமணரை நாடித் திருவண்ணாமலைக்கு வந்தார். இருட்டிய பிறகு பெண்கள் ரமணாசிரமத்துக்குள் தங்கக் கூடாது என்பது அன்றைய ஏற்பாடு. அதனால் ஆசிரமத்துக்கு வெளியே, ரமண நகரில் குடியிருந்தார். 1945 முதல் தம் அண்ணனுக்குத் தெலுங்கில் அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாயின. இன்று ஆசிரமம் உள்ள செங்கம் சாலையில் தெலுங்குப் பலகைகளைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வெளியூர்க்காரர் வந்து குடியேறியதால்தான் இப்படியொரு நகரே உண்டாயிற்று.

1922-இல் ரமணர் மலையிலிருந்து இறங்கித் தாயின் சமாதியருகே தங்கியபோது, அந்த இடம் ஊருக்கு ஒதுக்குப்புறம். கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். 1934-இல் ரமணரைப் பற்றிப் பேசும் பால் பிரன்டனின் புத்தகம் வெளிவந்தபின் ஐரோப்பியர் தேடி வருவது பெருகியது. மறு ஆண்டே மேஜர் சாட்விக் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டார். 1950-இல் ரமணர் மறைந்த பிறகும் வரத்து நிற்கவில்லை. பிற்காலத்தில் பௌர்ணமிக் கிரிவலம் 14 கிலோமீட்டர் பாதை முழுவதையும் கடைத்தெருவாக்கியது. அண்மை ஆண்டுகளில், தெலுங்குச் சொற்பொழிவுகளும் யூடியூபும் ஆந்திர, தெலங்கானா பக்தர்களைத் திரள்திரளாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

வெளிநாட்டவர், உள்நாட்டவர் என்ற இந்த இரண்டு கூட்டத்தின் பணமும் ஒரே மாதிரி ஊருக்குள் வரவில்லை. வெளிநாட்டவர் நினைத்தவுடன் இங்கே மனை வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரையிலான சீசனில் அவர்கள் பணம் பெரும்பாலும் வாடகையாகவே இறங்கியது. மாடி கட்டியவருக்கு வாடகை, சமைப்பவருக்குச் சம்பளம், ஆட்டோக்காரருக்குச் சவாரி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. விஜயவாடாவிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ, ஏன், சென்னையிலிருந்தோ வருகிறவருக்கு அந்தத் தடை இல்லை. மனையைக் கிரயம் பண்ணிக்கொண்டு போகலாம். பணம் ஒரே தவணையில் கைமாறும்; அதன்பின் அந்த மண்ணில் விளையும் வாடகையும் வெளியூருக்கே போகும்.

மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட கொல்லையை ஏக்கர் கணக்கில் முன்னமே விற்றுவிட்டவரின் பிள்ளை, அதே மண்ணில் எழுந்த விடுதிக்குக் காவல்காரராகப் போகலாம். விற்காமல் கொஞ்சம் நிலத்தைப் பிடித்து வைத்து, மேலே இரண்டு அறை கட்டியவர் வீட்டுப் பிள்ளை பொறியியல் படிக்கலாம். இருவரும் ஒரே ஊர், ஒரே தெரு. ஆகவே உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று கோடு கிழிப்பது வீண்வேலை. மனை உள்ளவர், இல்லாதவர் என்பதுதான் இங்கே உண்மையான கோடு. மொழிச் சண்டையில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மனை வியாபாரிகளுக்கு அதனால் நஷ்டமும் இல்லை.

மனை இல்லாதவருக்குச் சட்டத்திலும் பெரிய பிடிமானம் கிடையாது. 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி முறையிட வழி இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கிறது; வாடகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்துக்கே விட்டுவிடுகிறது. நாள் வாடகைக்கு விட்டால் சில நாட்களிலேயே ஒரு மாத வாடகை தேறும் என்கிற இடத்தில், மாதச் சம்பளக்காரக் குடும்பத்துக்கு யார் வீடு கொடுப்பார்?

இடம் கிடைக்காதவர்கள் பெரும்பாக்கம் சாலையைத் தாண்டியும் போகிறார்கள், மலைச் சரிவிலும் ஏறுகிறார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அது ரமண நகரிலிருந்து தள்ளி, ஊர்ப்பக்கம் உள்ள பகுதி. நில விலைதான் அந்தக் குடும்பங்களை அங்கே ஏற்றியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்று மட்டும் சொல்லி அகற்றிவிட்டால், அகற்றப்பட்டவர்கள் எங்கே இறங்குவது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

பார்சிலோனாவில் நாள் வாடகையால் குடியிருப்போருக்கு வீடு கிடைக்காத சிக்கல் முற்றி, சுற்றுலாக் குடியிருப்புகளின் 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடித்துக்கொள்வதாக 2024-இல் அதன் மேயர் அறிவித்தார். திருவண்ணாமலைக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. சீசன் வருமானத்தை நம்பி ஏராளமான அடுப்புகள் எரிகின்றன. ஆனால் நாள் வாடகை வீட்டுக்குத் தனிப் பதிவும் தனி வரி விகிதமும் வைக்கலாம். அந்த வரியைத் தனியே ஒதுக்கி, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகைக் குடியிருப்புகளை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தைக் கொண்டு கட்டலாம்.

2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 1,45,278. அதற்குப்பின், சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியாகிவிட்டது. நிர்வாகம் இன்னமும் பழைய எண்ணை வைத்தே திட்டம் போடுகிறது. அடுத்த கணக்கெடுப்பில் தலைகளை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில், சீசன் நேரத்தில். அப்போதும் வருமானம் என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. நம் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியே கிடையாது. எந்த வீட்டில் சொந்தக்காரர் இருக்கிறார், எது நாள் வாடகைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள மாநகராட்சி அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். சொத்துவரிப் பதிவேட்டோடு மின் இணைப்புப் பட்டியலையும் ஒப்பிட்டுத் தெருத்தெருவாகச் சரிபார்க்கும் வேலையை இந்தச் சீசனிலேயே தொடங்கலாம்.