ஒழுகும் கூரையைச் சாக்கால் அடைக்க முடியாது!

தொழிலாளத் தோழர்களே! கிராணித் தோழர்களே!

செனாவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தின் கடைசி வீட்டில், மழை இரவென்றால் உறக்கம் கிடையாது. தகரக் கூரையைத் துரு தின்றுவிட்டது. ஓட்டை இருக்கும் இடத்துக்கெல்லாம் நேர் கீழே பால் வாளி வைத்திருக்கிறார்கள். பகலில் பால் சுமந்த வாளி இரவில் மழைத் தண்ணீர் சுமக்கிறது. பிள்ளைகளை உலர்ந்த மூலைக்கு இழுத்துப் படுக்கவைத்துவிட்டு, பெரியவர்கள் வாளி நிறைய நிறைய எடுத்து அஞ்சடிக்கு வெளியே கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விடிந்தால், மரம் நனைந்திருக்கிறது, வெட்டு இல்லை என்கிறார்கள். உறக்கமும் போயிற்று, அன்றையப் பேரும் போயிற்று!

அந்தத் தோட்டத்தின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பலர், "அட, இது நம் லயத்துச் சங்கதி அல்லவா!" என்று சொல்லப் போவது நமக்குத் தெரியும்.

கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். மண்டோரிடம் சொன்னார்கள். மண்டோர் ஆபீசில் சொன்னார். ஆபீசில் இருந்தவர் மேனேஜரிடம் சொன்னார். அல்லது சொன்னதாகச் சொன்னார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. தகரமும் வரவில்லை, ஓர் ஆணியும் வரவில்லை. வந்ததெல்லாம் சாக்குத்தான். கோணிச் சாக்காக வந்திருந்தாலாவது ஓட்டையை அடைத்திருக்கலாம்!

முதல் சாக்கு: "இந்த ஆண்டுக் கணக்கில் பணம் ஒதுக்கவில்லை." இதற்கு நெடிய பதில் வேண்டாம். மேனேஜர் பங்களாவும் இதே மழையில்தான் நிற்கிறது. அதன் கூரைக்கு எந்தக் கணக்கில் பணம் வந்தது என்று பில் எழுதுகிற கிராணிக்குத் தெரியாதா?

இரண்டாவது சாக்கு நயமானது. "வாடகையா கொடுக்கிறீர்கள்? சும்மா கொடுத்த வீட்டுக்கு இத்தனை குறையா?"

சும்மாவா? விடியுமுன் நிரையில் நிற்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் தொழிலாளியை மரத்தடியிலேயே குடிவைத்தார்கள். லயம் இல்லாவிட்டால் மங்கில் பால் இல்லை, ஸ்டோரில் வேலை இல்லை, கம்பெனிக்கு லாபமும் இல்லை. அது மட்டுமா? சம்பளம் பேசும் மேசையில் "வீடு இலவசம், தண்ணீர் இலவசம்" என்று சொல்லிச் சொல்லியே கூலியை அமுக்கியவர்கள் யார்? கூலி பேசும்போது வீடு கூலியில் சேர்த்தி. கூரை ஒழுகும்போது வீடு தருமம்! ஒரே வீட்டை இரண்டு கணக்கில் எழுதும் இந்த வித்தையை நம் கிராணிமார் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில், 1923-ல் வந்த தொழிலாளர் சட்டத்திலேயே தோட்டத்துக் குடியிருப்பைப் பற்றிய விதிகள் இருந்தன. சுதந்திரத்திற்குப் பின் 1966-ல் தொழிலாளர் குடியிருப்புக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் 1990-ல் வந்ததுதான் 446-ஆம் சட்டம். தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி போதிய குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்கவேண்டும், கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருக்கவேண்டும், காலாகாலத்தில் சாயம் பூசவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. வாடகை கொடுக்காதவனுக்கு இவை கிடையாது என்று அதில் எங்கும் எழுதவில்லை. கூடவே ஒன்றைச் சொல்லி வைக்கிறோம்: அனுமதியில்லாமல் கட்டடத்தை நீட்டக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பின்புறம் நாமே இறக்கிக் கட்டிய குசினியைக் காட்டி நிர்வாகம் வாயடைக்கப் பார்க்கும். அந்தக் குசினி வேறு விவகாரம், ஒழுகும் கூரை வேறு விவகாரம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்ட விடாதீர்கள்.

இந்தியாவில் ஒரு படி மேலே போனார்கள். அங்கே 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தை 1981-ல் திருத்தி, முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ மாண்டால், காயப்பட்டால், முதலாளி நஷ்டஈடு கட்டவேண்டும் என்று சேர்த்தார்கள். இயற்கைச் சீற்றத்தால் விழுந்தாலோ, குடியிருந்தவரின் தவற்றால் மட்டுமே விழுந்தாலோதான் விலக்கு. வால்பாறையிலும் நீலகிரியிலும் அசாமிலும் தொழிலாளிக்குக் கிடைத்ததும் 'சும்மா கொடுத்த' வீடுதானே!

நம் நாட்டிலும் 446-ஆம் சட்டம் தோட்டத்தோடு நிற்கவில்லை. 2019-ல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தொழிற்சாலை விடுதிகளுக்கும் நீண்டது. அதே ஆண்டு டிசம்பரில் காஜாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையைச் சோதனையிட்டபோது, அயல்நாட்டுத் தொழிலாளர்களைக் கப்பல் கொள்கலன்களில் அடைத்து வைத்திருந்தது அம்பலமாயிற்று. அன்று மனிதவள அமைச்சராக இருந்த எம். சரவணன், அதை நவீன அடிமைத்தனத்துக்கு ஒப்பிட்டார். மரத்தில் பால் எடுப்பவனுக்கு ஒழுகும் லயம், அந்தப் பாலில் கையுறை செய்பவனுக்கு இரும்புப் பெட்டி! இன்று நம் லயங்களிலும் வங்காளதேசியும் இந்தோனேசியரும் குடியிருக்கிறார்கள். அவர்கள் கூரையும் ஒழுகத்தான் செய்கிறது. பட்டியல் எழுதும்போது அவர்கள் வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள்.

மூன்றாவது சாக்குத்தான் விஷம். "தோட்டம் விற்பனைக்குப் போகப் போகிறது. போகிற இடத்துக்குத் தகரம் எதற்கு?"

செனாவாங்கில் இருக்கும் நமக்கு இந்தப் பாட்டுப் புதிதல்ல. 1970-களிலிருந்து இங்கே தொழிற்பேட்டை வளர்ந்தது, வீடமைப்புப் பகுதிகள் வளர்ந்தன, ரப்பர் நிரைகள் சுருங்கின. நிலம் கை மாறுவதை நாம் தடுத்துவிட முடியாது என்று சொல்வோரும் உண்டு. இருக்கட்டும். ஆனால் கை மாறும் நாள் வரை பழுதுபார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒழுகலுக்குப் பயந்து ஒரு குடும்பம் தாமானில் வாடகைக்குப் போகும். பிறகு இன்னொரு குடும்பம். போனவர்களுக்கு நோட்டீசு கொடுக்க வேண்டியதில்லை, மாற்று வீட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. "அவர்களாகவே போனார்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். பழுதுபார்க்காமை என்பது கடிதம் இல்லாமல் அனுப்பும் வெளியேற்று நோட்டீசு! இதை உணராத வரையில் கூரைப் பிரச்சினையைச் சில்லறைப் பிரச்சினை என்றே எண்ணிக்கொண்டிருப்போம்.

வெளியேறிய பின் வாக்குறுதிகள் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி தூரத்தில் இல்லை. புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பிராங் புசார், கேலவே, செட்ஜிலி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த சுமார் 400 குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அந்தச் சுவர்கள் விரிசல் விட்டன. தரைவீடு கேட்டு அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். லயத்தில் இருக்கும்போதே உரிமையை எழுத்தில் நிலைநாட்டாதவன், லயத்தை விட்டு இறங்கிய பிறகு யாரிடம் போய்க் கேட்பான்?

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் பேசிவிடுவோம். கிராணித் தோழர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள்; இதை எழுதுகிற நாங்களும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தாம். டிரெஸ்ஸர் லயத்தைச் சுற்றி வந்த பிறகு எழுதும் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் வாரா வாரம் "குறை ஒன்றும் இல்லை" என்று விழுந்த வரிக்குத் தேதி போட்டு, வரிசையாகக் கோப்பில் வைத்தவர்கள் நாங்கள். அந்தக் கடைசி வீட்டில் வாளிகள் நிரம்பிய வாரத்திலும் அதே வரிதான். மேனேஜர் முகம் சுளிப்பார் என்ற பயம்! 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரைக்கும் ஆசியச் சிப்பந்திகளுக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. சிப்பந்திகள் என்றால் கிராணிமாரும்தான். நம் முன்னோரைக் கண்டு இறங்கிய அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று கூரையைப் பற்றிப் பேச நம் ஆபீஸ் சன்னலருகே நிற்கிறார்கள். "பிறகு வா" என்று சொல்ல இன்னும் மனம் வருகிறதா?

ஆகவே சொல்கிறோம்: வாய்ச்சொல்லாகக் குறை சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். மண்டோர் காதில் போட்ட குறை, மண்டோர் மாறினால் மறைந்துபோகும். வீட்டு எண், என்ன பழுது, எப்போதிலிருந்து, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தேதியிட்டு எழுதுங்கள். இரண்டு நகல். ஒன்று ஆபீசுக்கு, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வீட்டில் வையுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள்; மழை பெய்யும்போதே எடுங்கள், வெயிலில் எடுத்தால் ஓட்டை தெரியாது. பொறுக்கமுடியாமல் சொந்தக் காசில் தகரம் வாங்கிப் போட்டவர்கள் கடைச் சீட்டைக் கிழித்தெறியாமல் கொண்டு வாருங்கள். தனித்தனியாகப் போகாமல், லயம் முழுவதற்கும் ஒரே பட்டியலாகப் போவது நல்லது. ஒரு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மிரட்டுவது சுலபம், இருபது வீட்டாரை மிரட்டுவது அத்தனை சுலபமல்ல. நிர்வாகத்துக்கு இரண்டு வாரம் தருவோம். அதற்குள் ஆணி அடிக்கும் சத்தம் கேட்காவிட்டால், அந்த நகல்களோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம். அதிகாரி வந்து பார்க்கும் நாளில் அந்த டிரெஸ்ஸர் புத்தகமும் மேசைமேல் இருக்கவேண்டும். அதை எடுத்து வைக்கிற பொறுப்பு எங்களுடையது.

சம்பளத்திற்கு மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, கிளைக் காரியதரிசியும் கிராணிமார் இருவரும் பிரட்டுக்களத்தில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவோம். மலாயில் வேண்டுமானால் மலாயிலும் எழுதித் தருவோம். வீட்டு எண்ணைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.