ஏட்டில் ஏறாத எழுத்து

தம்பானூரில் புகைவண்டியிலும் பேருந்திலும் வந்திறங்கிய நம் குடும்பங்களின் வாழ்வு இன்று பெரிதும் கணிப்பொறிவழியே நடைபெறுகின்றது. கணிப்பொறிகள் தம் செயல்களை நாளும் நேரமும் இட்டு, வலைவழியே பதிவேட்டுக்கு அனுப்புகின்றன. பூசல் எழுந்தால் அப்பதிவேடே சான்று. தமிழறியாப் பதிவேட்டிலோ 'கண்ணன்' ஆறு கேள்விக்குறி. 'முத்து'வும் ஆறு கேள்விக்குறி. எவர் பிரித்தறிவார்?

இக்குறை பழையது. 1980களில் அமெரிக்காவின் பெர்க்கிலியில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் முறை உலகெங்கும் பரவிற்று. அதன் வழக்கை 2001இல் எழுதிவைத்த ஆர்.எஃப்.சி. 3164 என்னும் ஆவணம், செய்திகள் பெரும்பாலும் ஏழு பிட் ஆஸ்கியில் அமைவன என்றது. ஆஸ்கியின் 128 இடங்களுள் தமிழுக்கு ஓரிடமும் இல்லை. 2009இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5424 கதவைத் திறந்தது. செய்தியை ஒருங்குறியில், யு.டி.எஃப்.-8 வடிவில் எழுதப் பரிந்துரைத்தது. இயலாதோர்க்கு விலக்கும் அளித்தது. அவ்விலக்கே இன்று சோம்பலின் புகலிடம்!

தமிழ் இடத்தை அடைக்கும் என்பர் சிலர். 'தம்பானூர்' நமக்கு ஐந்தெழுத்து, ஒருங்குறியில் ஒன்பது குறி, யு.டி.எஃப்.-8இல் 27 பைட்டு. மெய்தான். ஆயினும் பழைய முறையின் 1024 பைட்டு எல்லைக்குள்ளேயே அச்சொல்லை முப்பத்தேழு முறை எழுதலாமே! ஒரு பெயருக்கா இடமில்லை?

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற டேஸ்-16 அவ்வைந்தெழுத்தைப் பத்தே பைட்டில் அடக்கும் என்பர் வேறு சிலர். அதன் இடங்களோ ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் உள்ளவை. முன்னரே அறிந்த பொறியன்றிப் பிற பொறி படியாது. பல ஊர்ப் பொறிகள் படிக்கும் பதிவேட்டுக்கு யு.டி.எஃப்.-8 வடிவே ஏற்றது. அதில் தமிழின் எந்தப் பைட்டும் ஆஸ்கிக் குறியோடு மயங்காது.

ஆங்கில எழுத்தில் எழுதினாற் போதாதோ என்பாரும் உளர். 'வள்ளி'யும் 'வல்லி'யும் அங்கே ஒன்றாகிவிடும். இருவர் ஒருவராவது சான்றாகுமா?

1990இல் இந்நகரில் தோன்றிய டெக்னோபார்க்கிலும் பிறவிடங்களிலும் கணிப்பொறித் தொழில் செய்யும் நம் பிள்ளைகளே! நீங்கள் அமைக்கும் பதிவேடுகள் யு.டி.எஃப்.-8 வடிவில் எழுதட்டும். நீண்ட செய்தியைக் குறைக்கையில் எழுத்தின் நடுவே வெட்டாதிருக்கட்டும். ஆஸ்கியில் இடம்பெறாத மலையாளத்திற்கும் இதனால் நன்மையே. தமிழ்ப் பெயரிட்டு வளர்த்த மக்களை வெறுங்குறிகளாக விடுதல் நமக்கு அழகன்று.