கிளாஸ் மேல் ஒரு கை

எங்கள் அம்மா வழி வீட்டில் ‘பீர்’ என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல முடியாது. பெரிய மாமா குடித்தே போய்ச் சேர்ந்தவர். இத்தனைக்கும் சாப்பாட்டில் அளவானவர். பந்தியில் இரண்டாம் முறை சோறு வரும்போதே இலைக்குக் குறுக்கே கையை வைத்து, “போதும்… போதும்” என்பார். டம்ளருக்குக் குறுக்கே மட்டும் அந்தக் கை ஒருநாளும் வந்ததில்லை.

அதனால்தான், பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், “சித்தப்பா, பீர் காய்ச்சுற சாமியார்களோட மடம் ஒண்ணு இருக்கு. போய்ப் பார்த்துட்டு வரலாமா?” என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சாமியாருக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்விதான் என்னைக் காரில் ஏற்றியது.

மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது வெஸ்ட்ஃபிளெட்டரன் என்ற கிராமம். போகிற வழியெல்லாம் உயரமான கம்பங்கள் நட்டு, கம்பி கட்டி, பச்சைக் கொடிகளை ஏற்றி விட்டிருக்கிறார்கள். நம்மூர் வெற்றிலைக் கொடிக்கால் ஞாபகம் வந்தது. “இதுதான் ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் வாசனையும் இதோட பூவுலேர்ந்துதான் வருது” என்றான் பையன்.

கிராமத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் செங்கல் மதில். அதற்குள் புனித சிக்ஸ்டஸ் மடாலயம். 1831-ல் தொடங்கியது. ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையைச் சேர்ந்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள். ஜெபம், படிப்பு, உடல் உழைப்பு, அதிகம் பேசாத வாழ்க்கை. தங்கள் சோற்றைத் தாங்களே உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்பது இவர்கள் பின்பற்றும் பழைய விதி. சில மடங்களில் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். இங்கே பீர் காய்ச்சுகிறார்கள்.

‘ட்ராப்பிஸ்ட் பீர்’ என்ற முத்திரைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. மடத்தின் எல்லைக்குள்தான் காய்ச்ச வேண்டும். துறவிகள் செய்ய வேண்டும், அல்லது அவர்கள் மேற்பார்வையில் நடக்க வேண்டும். வரும் பணம் மடத்தின் செலவுக்கு, மிஞ்சியது தர்மத்துக்கு.

இந்த மடத்தின் கதை உலகத்துக்குத் தெரிந்தது 2005-ல். ‘ரேட்பீர்’ என்ற இணையதளத்தில், இவர்களின் ‘வெஸ்ட்ஃபிளெட்டரன் 12’ என்ற கறுப்பு பீரை உலகத்திலேயே சிறந்தது என்று ரசிகர்கள் மதிப்பெண் போட்டுவிட்டார்கள். மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. சரக்கு தீர்ந்துபோனது.

ஒரு வியாபாரி என்ன செய்வார்? பெரிய ஆலை போடுவார், விலையை ஏற்றுவார், விமானத்தில் அனுப்புவார். துறவிகள் எதையும் செய்யவில்லை. ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் லிட்டர், அவ்வளவுதான். பெரிய கம்பெனியின் ஆலைக்கு இது ஒருநாள் வேலை. வேண்டுமென்றால் போனில் முன்பதிவு செய்து, கார் நம்பரைச் சொல்லி, குறித்த நேரத்தில் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2019-லிருந்து அந்தப் பதிவு இணையத்துக்கு மாறியிருக்கிறது. வாங்கியதை அடுத்தவருக்கு விற்கக் கூடாது என்ற வேண்டுகோளும் உண்டு. 2018-ல் நெதர்லாந்தின் ஒரு சூப்பர் மார்க்கெட் எப்படியோ இதை வாங்கி, பாட்டில் சுமார் 10 யூரோவுக்கு விற்றபோது துறவிகள் வருத்தப்பட்டார்கள். மடத்து வாசலில் அப்போது அதன் விலை 2 யூரோவுக்கும் குறைவு!

ஒருமுறை இறங்கி வந்தார்கள். மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டது. அதற்காக 2011-ல் பெல்ஜியத்திலும், அடுத்த ஆண்டு அமெரிக்கா உள்ளிட்ட வெளிநாடுகளிலும் பரிசுப் பெட்டிகளாக விற்றார்கள். தேவை முடிந்தது, விற்பனையும் முடிந்தது. வாழ்வதற்காகப் பீர் காய்ச்சுகிறோம், பீர் காய்ச்சுவதற்காக வாழவில்லை என்பது அவர்கள் கணக்கு.

மடத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. எதிரில் ‘இன் டெ ஃபிரேட’ என்று ஓர் உணவகம் இருக்கிறது. ‘அமைதியில்’ என்று அர்த்தமாம். அங்கே போய் உட்கார்ந்தோம். ஒரே ஒரு பாட்டில் வந்தது. மஞ்சள் மூடி. நெடுங்காலம் இந்த பாட்டில்களுக்கு லேபிளே இருந்ததில்லை. மூடியின் நிறம்தான் அடையாளமாக இருந்தது. மஞ்சள் என்றால் 12. இந்த 12 பழைய பெல்ஜிய அளவுமுறையில் வந்த எண். ஆல்கஹால் 10.2 சதவிகிதம்.

வண்டி ஓட்ட வேண்டியவன் என்பதால் பையன் குடிக்கவில்லை. ஆனால், எப்படி ருசிப்பது என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

“முதல்ல, ஜில்லுனு இருக்கக் கூடாது சித்தப்பா.” இது எனக்குப் புதுசு. அதிகக் குளிர்ச்சி நாக்கை மரக்கச் செய்யும், வாசனையையும் எழும்பவிடாது. இதுபோன்ற கனமான கறுப்பு பீரை 12 முதல் 16 டிகிரி வரைக்கும்தான் வைக்கிறார்கள். மண்பானைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதலான குளிர்ச்சி.

அடுத்தது, ஊற்றுவது. இது பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் பீர். அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். அதனால் பாட்டிலை நிமிர்த்தியே வைத்திருந்து, வாய் அகன்ற கிண்ணம் போன்ற கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும். ரசத்தைத் தெளிவாக இறுத்துவிட்டு மண்டியை விட்டுவைப்போமே, அதே பக்குவம்.

நிறம் வெல்லப்பாகு போன்ற கரும்பழுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் செம்மை தெரிகிறது. மேலே தந்த நிறத்தில் நுரை. பீருக்கு இந்தக் கறுப்பு இரண்டு வழிகளில் வரும். பார்லியை நனைத்து, முளைகட்டி, காயவைத்தால் அது மால்ட். நாம் கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பது போலத்தான். அந்த மால்ட்டையோ பார்லியையோ காபிக்கொட்டை போலக் கறுக்க வறுத்துச் செய்வது ‘ஸ்டவுட்’ வகை. பெல்ஜியத்துத் துறவிகளின் வழி வேறு. சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சிக் கறுக்கவைத்துச் சேர்ப்பது அந்த நாட்டு வழக்கம்.

“இப்ப மோந்து பாருங்க. அவசரப்படாதீங்க.”

உலர்திராட்சை முதலில் வந்தது. பிறகு பேரீச்சை. மூன்றாவது மூச்சில், சத்தியமாகச் சொல்கிறேன், கருப்பட்டி! கடைசியில் மெல்லிசாகக் கிராம்பு. உள்ளே கிராம்பும் இல்லை, திராட்சையும் இல்லை. கிராம்பு வாசனையும் பழ வாசனையும் நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்குபவை. கருப்பட்டி மணம் காய்ச்சிய பாகின் வேலை.

ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கில் பரவவிட்டு, விழுங்கியபின் மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடச் சொன்னான். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். விழுங்கிய பிறகுதான் அது தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்குப் போகிறது. இனிப்பு வந்தது, சன்னமான கசப்பு வந்தது, கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு சூடு. அரைமணி நேரம் வைத்திருந்தேன். கிளாஸ் சூடேற ஏற ருசியும் மாறியது. முதலில் பேரீச்சையாக இருந்தது, முடிவில் சுட்ட ரொட்டியின் ஓரம்போல ஆனது.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த பீரின் அழகும் ஆபத்தும் ஒன்றேதான். சேர்க்கிற சர்க்கரையில் பெரும்பங்கை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. அதனால் வீரியம் கூடுகிறது, ஆனால் வாயில் கனம் தெரிவதில்லை. 330 மில்லி பாட்டிலில் சுமார் 27 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவிகிதம் உள்ள சாதாரண பீரில் இரண்டு பாட்டிலுக்குச் சமம். பழ வாசனையோடு இனிப்பாக இறங்குவதால் உடம்புக்குத் தாமதமாகத்தான் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு பாட்டிலை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வது இதனால்தான்.

ரசித்துக் குடித்தால் கெடுதல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மது எந்த அளவிலும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. துறவி காய்ச்சினாலும் ஆலை காய்ச்சினாலும் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது.

மாமாவுக்கு யாராவது இப்படி மோந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? அங்கே உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. அவருக்கு வந்தது நோய். அவர் ருசிக்காகக் குடித்தவர் அல்ல. முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்துபோல ஊற்றிக்கொண்டவர். அப்படிப்பட்டவருக்கு ‘போதும்’ என்கிற இடம் முதல் சொட்டுக்கு முன்னால்தான் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் அவரால் தனியாகத் திரும்ப முடியாது. மருத்துவரும் குடும்பமும் சேர்ந்துதான் கூட்டிவர வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. திட்டினோம், ஒளித்துவைத்தோம், கடைசியில் பேசாமல் இருந்தோம்.

குடிக்காதவர்கள்தான் இதைப் படிப்பவர்களில் அதிகம். அப்படியே இருங்கள், நல்லது. அந்த மேஜையில் கற்றுக்கொண்ட பாடத்துக்கு பீர் தேவையே இல்லை. வீட்டில் கருப்பட்டித் துண்டு ஒன்றும் வெல்லத் துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கூப்பிடுங்கள். கண்ணை மூடி மூன்று முறை மோந்து பாருங்கள். சின்னதாகக் கடித்து, கரையவிட்டு, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ஒன்றில் புகை தெரியும், ஒன்றில் கரும்பு தெரியும். என்ன தெரிந்தது என்று ஆளுக்கொரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு துண்டுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் பாருங்கள்.

கிளாஸில் ஒரு வாய் மிச்சம் இருந்தபோது பரிமாறுகிற பெண் வந்து நின்றார். “இன்னொண்ணு வேணுமான்னு கேக்குறாங்க சித்தப்பா” என்றான் பையன்.

நான் பேசவில்லை. என்னையறியாமல் வலது கை நீண்டு, பந்தி இலைக்குக் குறுக்கே வைப்பதுபோல, கிளாஸ் மேல் விரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.