மலைத்தொடரா, விளிம்பா?

மேற்குத் தொடர்ச்சி மலையை இமயத்தைப் போன்றதொரு மலைத்தொடர் என்றே பலரும் எண்ணுகின்றனர். மகாராஷ்டிரத்தைப் பொறுத்தவரை இது சரியன்று. அங்கே அது ஒரு பீடபூமியின் உடைந்த விளிம்பு. வகுப்பிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

கொங்கணக் கடற்கரையிலிருந்து கிழக்கே செல்பவர் பல நூறு மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். ஏறியபின் அதே அளவு இறங்க வேண்டுமல்லவா? இல்லை! மேலே தக்காணப் பீடபூமி மெல்லச் சரிந்து செல்கிறது. மகாபலேசுவரத்தில் பிறக்கும் கிருஷ்ணா நதிக்கு மேற்குக் கடல் சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் அது கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலை அடைகிறது. மராத்தி மக்கள் இச்சரிவை 'காட்' என்கிறார்கள். படித்துறைக்கும் அதே சொல்தான். எவ்வளவு பொருத்தம்!

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியது. பின்னர் இந்தியாவும் சேஷெல்ஸ் தீவுகளும் பிரிந்தபோது நிலத்தின் ஓரம் உடைந்து தாழ்ந்தது. பருவமழை பெற்ற குறுகிய ஆறுகள் அந்த ஓரத்தை அரித்தன. மென்மையான அடுக்குகள் கரைய, மேலிருந்த கடினப் பாறை பிடிமானமின்றி இடிந்தது. இவ்வாறு விளிம்பு கிழக்கே பின்வாங்கியது. அது விட்டுச்சென்ற தாழ்நிலமே கொங்கணம்.

'இயற்கையே அரிக்கும்போது நாம் சற்று வெட்டினால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். கொங்கணத்து லேட்டரைட் பாறையிலுள்ள கனிமங்களின் வயதைக் கணித்ததில், 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்குத் தாழ்நிலம் இருந்தது தெரிகிறது. ஆகவே அதன்பின் விளிம்பு மிக மெதுவாகவே நகர்ந்திருக்கிறது. ஆனால் மெதுவாக என்றால் நாள்தோறும் சிறிது சிறிதாக என்று பொருளன்று. நெடுங்காலம் அசையாமல் நிற்கும் சரிவு ஒரே மழையில் இடிந்துவிடும். 2021 ஜூலையில் ராய்கட் மாவட்டத்துத் தலியே கிராமத்தில் அவ்வாறே நிகழ்ந்தது, பலர் மாண்டனர். இத்தகைய சரிவின் அடிவாரத்தைச் சாலைக்கும் வீட்டுக்குமாக வெட்டுவது, அதன் காலைத் தறிப்பதற்கு ஒப்பாகும்.

மலை என்றால் அசையாதது என்று நம்பிவிடுகிறோம். விளிம்பு என்றால் எச்சரிக்கை பிறக்கும். மாணவர்களே, நிலப்படத்தை எடுத்து மகாபலேசுவரத்திலிருந்து இருபுறமும் உயரம் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்: இது மலைத்தொடரா, விளிம்பா?