வம்சாவளியா, வாக்குரிமையா?

1947-இல் நடந்த இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் 95 இடங்களில் ஏழு இடங்களைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிடித்தது. நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து முனப்புதூரில் 1913-இல் பிறந்தவர். தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட மக்களின் பாட்டை எழுதிய கவிஞர். ஐந்து ஆண்டுகள் கழித்து 1952-இல் அடுத்த தேர்தல் வந்தது. மலையகத் தமிழரில் ஒருவர்கூட வெல்லவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் அந்த மக்களின் ரத்தம் மாறிவிடவில்லை. அறிவும் உழைப்பும் வற்றிவிடவில்லை. தோட்டமும் தொழிலாளர் குடியிருப்பான லயமும் இருந்த இடத்திலேயே இருந்தன. மாறியது சட்டம். தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றது 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். பிறப்புப் பதிவே இல்லாத லயத்து மக்கள் எதைக் காட்டுவார்கள்? குடிமகன் அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது 1949-ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்களானார்கள். மலையகத் தமிழர் ஒருவர் மக்களின் வாக்கைப் பெற்று மறுபடி நாடாளுமன்றத்துக்குள் நுழைய 1977 வரை ஆயிற்று.

உலகில் எங்கேனும் இந்திய வம்சாவளியினர் ஒருவர் பதவிக்கு வரும்போதெல்லாம் இந்த ஒரு சான்றை நாம் நினைத்துப்பார்க்க வேண்டும். கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தார்கள். ரிஷி சுனக் பிரிட்டனின் பிரதமரானபோது நம் தொலைக்காட்சிகள் தீபாவளி கொண்டாடின. 2023-இல் சிங்கப்பூர் மக்கள் தர்மன் சண்முகரத்னத்தை 70 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளால் அதிபராக்கியபோதும், 2025-இல் அனிதா ஆனந்த் கனடாவின் வெளியுறவு அமைச்சரானபோதும் பூர்வீகம் எந்த ஊர், தாத்தா யார் என்ற தேடல்தான் முதலில் நடந்தது. அந்த மகிழ்ச்சியில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் இந்த வெற்றிகளை வம்சத்தின் கணக்கில் எழுதுவது உண்மைக்கு மாறானது. அந்தந்த நாட்டில் அவர்களுக்குக் கிடைத்த குடியுரிமையும், தம்மைப் போல இல்லாத ஒருவருக்கு வாக்களிக்க அந்நாட்டு மக்கள் காட்டிய மனமும்தான் அவர்களை அங்கே உட்காரவைத்தன. அவை இல்லாத இடத்தில் எந்த வம்சமும் எடுபடவில்லை.

இதை மற்ற ஊர்களைவிடத் திருச்சி அறிந்திருக்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்தத் தோட்ட முதலாளிகள் 1904-இல் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருந்தது. கங்காணிகள் கிராமம் கிராமமாகப் போய் ஆள் பிடித்தார்கள். பிடித்தவர்களைத் தென்னிந்திய ரயில்வே கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. போகிறவர் கையில் ஒரு சின்னத் தகரச் சீட்டு இருக்கும். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறித்திருக்கும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். வழிநெடுக ஆகும் செலவைத் தோட்டத்தின் பெயரில் எழுத அந்த எண்ணே போதும், பெயர் தேவைப்படவில்லை. தோட்டம் அந்தச் செலவைக் கடைசியில் அந்த ஆளின் கடனாக ஏட்டில் ஏற்றிக்கொண்டது. திருச்சியிலிருந்து எண்ணாகப் புறப்பட்டவர்களின் பிள்ளைகள் 1947-இல் வாக்காளர் பட்டியலில் பெயராக இருந்தார்கள், இரண்டே ஆண்டுகளில் அழிக்கப்பட்டார்கள். அந்த அழிப்பை எதிர்த்துத்தான் இலங்கைத் தமிழரின் மற்றொரு கட்சியான தமிழ்க் காங்கிரசை உடைத்துக்கொண்டு வந்த செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அமெரிக்காவின் கதையும் இதுவே, வரிசை மட்டும் தலைகீழ். பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திந்த் முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் இருந்தவர், அதுவும் எடுபடவில்லை. 1946-இல் சட்டம் மாறி வாசல் கொஞ்சம் திறந்தது. 1920-இல் அங்கே போய், கலிபோர்னியாவில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த தலிப் சிங் சவுந்த் 1949-இல் குடிமகனானார். 1956-இல் நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வானார். வாசல் திறந்து பத்தே ஆண்டுகளில் அவைக்குள் ஒருவர்! கமலா ஹாரிசின் தாய் சியாமளா கோபாலன் 1958-இல் படிக்கப் போனவர். 1964-இல் மகள் பிறந்தபோது தாயும் தந்தையும் அந்நாட்டுக் குடிமக்கள் அல்லர். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கர் என்று 1868-இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக அரசியலமைப்பில் எழுதப்பட்ட 14-ஆவது திருத்தம்தான் அந்தக் குழந்தையைக் குடிமகளாக்கியது. துளசேந்திரபுரத்தின் பெருமைக்கு அந்தக் கறுப்பின மக்களின் போராட்டமே வேர். தற்காலிக விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை என்று 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஆணையிட்டதும், அது நீதிமன்றங்களுக்குப் போனதும் இன்று அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் வீட்டுப் பிரச்சினை.

மொரீஷியசில் எந்த மொழியிலானாலும் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தால் வாக்கு உண்டு என்ற விதி 1948 தேர்தலில் வந்தது; கரும்புத் தோட்டத்து இந்தியர் அவைக்குள் வந்தார்கள். 1968-இல் சிவசாகர் ராம்கூலம் பிரதமரானதும், பின்னாளில் வீராசாமி ரிங்காடு முதல் குடியரசுத் தலைவரானதும் அதன் தொடர்ச்சி. தென்னாப்பிரிக்காவை இதோடு ஒப்பிடலாம். சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கூலிக் கப்பல் 'ட்ரூரோ' போய்ச் சேர்ந்தது 1860 நவம்பரில். 1896-இல், டர்பன் அமைந்த நேட்டால் இந்தியரின் வாக்குரிமையைப் பறித்தது. அதற்குப் பின் அங்கே பிறந்தவர்களில் எத்தனை ஆற்றல் மிக்க தலைவர்கள்! மான்டி நாயக்கர் போன்றவர்கள் சிறைக்குப் போனார்கள், அவைக்குப் போக முடியவில்லை. 1984-இல் நிறவெறி அரசு இந்தியருக்கென்று தனி அவை ஒன்றை நீட்டியபோது இந்தியரில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். கறுப்பின மக்களுக்கு இல்லாத வாக்கு எங்களுக்கு வேண்டாம் என்று சொன்ன அந்த மறுப்பு, எந்தப் பதவியையும்விட உயர்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஜெய் நாயுடு போன்றவர்கள் 1994-இல் மண்டேலாவின் அமைச்சரவையில் இடம் பெற்றது இந்தியர் என்பதற்காக அன்று. எல்லாருக்கும் ஒரே வாக்கு என்பதற்காக எல்லாரோடும் சேர்ந்து நின்றார்கள், அதனால் பெற்றார்கள்.

வம்சமும் ஒரு பலம்தானே, கல்வியிலும் குடும்ப ஒழுக்கத்திலும் ஊறிய பண்பாடு அவர்களை உயர்த்தவில்லையா என்று கேட்பார்கள். உயர்த்தியிருக்கலாம். ஆனால் அதே பண்பாடு நுவரெலியா லயங்களிலும் இருந்தது. 1952-இல் அது ஒரு நாற்காலியைக்கூடப் பெற்றுத் தரவில்லை. வம்ச உறவு நமக்கு நன்மை தரும் என்ற எதிர்பார்ப்பும் பல முறை பொய்த்திருக்கிறது. பிரிட்டனில் சுவெல்லா பிரேவர்மனின் தாய் மொரீஷியசுத் தமிழர். குடியேற்றத்துக்கு எதிராக அவரைவிடக் கடுமையாகப் பேசிய உள்துறை அமைச்சர் அண்மைக் காலத்தில் அங்கே அரிது. விவேக் ராமசாமியின் பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள்; சட்டப்படி அனுமதி பெறாமல் வந்தோரின் பிள்ளைகளுக்குப் பிறப்புக் குடியுரிமை கூடாது என்று அவர் 2023-இல் பிரசாரம் செய்தார். அவர்களை நன்றியில்லாதவர்கள் என்று திட்டுவதில் பொருளில்லை. அவர்கள் தம் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், நமக்கல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நாற்காலி கிடைத்த இடத்தில் மட்டும் ஏழைக்கு என்ன கிடைத்தது என்பது அது. மலேசியாவில் சாமிவேலு 1979 முதல் 2010 வரை மலேசிய இந்தியக் காங்கிரசின் தலைவர், நெடுங்காலம் அமைச்சர். அந்த ஆண்டுகளில்தான் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் கைமாறி, தமிழ்த் தொழிலாளர்கள் வேலையும் குடியிருப்பும் இழந்து நகரத்து ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கேயே பிறந்தும் இன்றுவரை குடியுரிமைக்கு அலையும் தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆகவே நம்மவர் ஒருவர் மேலே இருந்தால் போதும் என்பது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2007 நவம்பரில் இந்தியரின் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் அமைப்பு நடத்திய பேரணி கோலாலம்பூர்த் தெருக்களை நிறைத்தது. 2008-இல் சுங்கை சிப்புட் தொகுதி சாமிவேலுவை வீட்டுக்கு அனுப்பி, தோட்டத் தொழிலாளர்களோடு வேலை செய்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜைத் தேர்ந்தெடுத்தது. தம்மவரே ஆனாலும் தவறினால் இறக்கிவிடும் அதிகாரம் அந்த மக்களின் கையில் இருந்தது. வாக்கின் முழு மதிப்பும் இதில்தான் இருக்கிறது. தலைவரை ஏற்றிவைப்பது அதில் பாதி.

நம் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த ரயில்வே பணிமனையைச் சுற்றி வளர்ந்தது பொன்மலை. தெலுங்கர், மலையாளி, ஆங்கிலோ இந்தியர் என்று எல்லாரும் ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போன ஊர். 1946 செப்டம்பர் 5-இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் தொழிற்சங்கங்கள் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகின்றன. அந்தத் தொழிலாளர்களின் தலைவர் மலையாளியான அனந்தன் நம்பியார். திருச்சி மக்கள் 1962-இலும் 1967-இலும் அவரைத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக அனுப்பினார்கள். பூர்வீகம் எது என்று இந்த ஊர் கேட்கவில்லை. இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1977 ஜூன் 30 அன்று தமிழ்நாட்டின் முதல்வரானார். மூன்று வாரம் கழித்து, முனப்புதூரில் பிறந்த தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாவில் வென்றார். இந்த இரண்டும் நம் அரசியலின் நல்ல முகம். மற்றொரு முகமும் நமக்கு உண்டு. சுனக்குக்காக மகிழ்ந்த இதே நாடு, 1999-இலும் 2004-இலும் சோனியா காந்தி பிறந்த நாட்டைச் சொல்லியே அவர் பிரதமராகக் கூடாது என்று கொதித்தது. அவருடைய அரசியலை எதிர்ப்பது யாருக்கும் உள்ள உரிமை. பிறப்பைக் காட்டித் தடுப்பது, 1948-இல் கொழும்பில் கேட்ட அதே குரல்.

இந்த வாதம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம், பொன்மலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் விமான நிலையத்தை ஒட்டிய கொட்டப்பட்டு. அங்கே உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களில் பலர், இந்த மண்ணிலிருந்து தோட்டத்துக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் மலையகத் தமிழரின் தலைவர்களைக் கேட்காமலே கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னால் பார்க்கலாம். 1974-இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றதும் ஒப்பந்தம் பாதியில் நின்றது. கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்தவர்கள் அகதி என்று பதிவானார்கள். இலங்கை தன் தவற்றைத் தாமதமாகவேனும் திருத்திக்கொண்டது. 1988-இலும் 2003-இலும் சட்டம் இயற்றி அங்கே எஞ்சியிருந்தவர்களைக் குடிமக்களாக்கியது. 2024 தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே நாடாளுமன்றத்துக்கு வென்று போனார்கள். இந்தியா என்ன செய்தது? 2003-ஆம் ஆண்டின் திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தவர்களுக்குக் குடியுரிமைப் பதிவை அடைத்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானுக்கு வழி திறந்து இலங்கையை வெளியே நிறுத்தியது. 2025-இல் 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிந்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை.

கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது நம் சட்டம். அதையும் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடித்தான் 2022-இல் நிலைநாட்ட முடிந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சித் தொகுதியில் அவர் வாக்களித்தார். முகாம்வாசிகளில் முதல் வாக்காளர் என்று செய்திகள் கூறின. 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்து, நம் பள்ளியில் தமிழும் கணக்கும் படித்து, நம் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்களுக்கு அந்த வாசல் இல்லை. இவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் இலங்கையில் தமிழரின் பலம் குறையும், திரும்பிப் போக விரும்புவோரும் இருக்கிறார்கள் என்கிறார்கள். விரும்புவோர் போகட்டும், யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே வாழ நினைப்பவரை வேறொரு நாட்டின் தேர்தல் கணக்குக்காக நாடில்லாமல் வைத்திருக்க நமக்கு என்ன உரிமை? திருச்சி முகாம்வாசிகள் உள்ளிட்ட 65 பேரின் மனுவில், இந்திய வம்சாவளித் தமிழரின் கோரிக்கையைத் தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2019 ஜூனிலேயே சொல்லிவிட்டது. தேவைப்படுவது நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத் திருத்தம். அடுத்த முறை பொன்மலையிலும் திருவரங்கத்திலும் வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளர், எந்தக் கட்சியாக இருந்தாலும், கொட்டப்பட்டுக் குடியுரிமைக்கு என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நம்மிடம் வாக்கு இருக்கிறது, அவர்களிடம் இல்லை.